"எனக்கு" எப்படி "ஐ" ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம் பத்திரிகையின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில், "பாஸ்ட் பார்டிசிபிளுக்கு முன்னால் 'வெரி' போடக் கூடாது, 'மச்' தான் போட வேண்டும்" என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள் (பாஸ்ட் பார்டிசிபிள் என்றால் கோ, வென்ட், கான் என்பதில் மூன்றாவதாக வருகிற வினை வடிவம்). அதற்குக் கீழே "ஐ ஆம் வெரி டயர்ட்" தவறு, "ஐ ஆம் மச் டயர்ட்" சரி என்று ஓர் உதாரணம் வேறு. காபி குடித்துக்கொண்டே படித்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அரசுப் பள்ளியில் 30 வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் நடத்தியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. கோபமாக எழுதவில்லை, ஆனால் நீளமாக எழுதப் போகிறேன். வெட்டுவதாக இருந்தால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கிறது.

முதலில் இந்த "மச் டயர்ட்" விஷயம். இன்றைக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் இந்த விதியை உங்கள் கட்டுரையாளர் சொந்தமாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பழைய இலக்கணப் புத்தகங்களில் இருந்ததுதான், நானே மாணவனாக இருந்தபோது மனப்பாடம் செய்திருக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் "வெரி ப்ளீஸ்ட்" என்று எழுதினால் முகம் சுளித்த ஆட்கள் இங்கிலாந்திலேயே உண்டு, "வெரி மச் ப்ளீஸ்ட்" என்றால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். 1926-இல் ஃபௌலர் தன் ஆங்கில வழக்கு அகராதியில் இந்தச் சண்டையை எடுத்துக்கொண்டு ஒரு நியாயமான கோடு போட்டார். வினையின் வாசனை போய் வெறும் பெயரடையாகிவிட்ட சொல் என்றால் "வெரி". இன்னும் வினையாகவே நிற்கிறது என்றால் "மச்". டயர்ட், ப்ளீஸ்ட், வொரீட், இன்ட்ரஸ்டெட், எக்ஸைட்டட், கன்ஃப்யூஸ்ட் எல்லாம் பெயரடையாகி எத்தனையோ காலமாயிற்று. "வெரி டயர்ட்" நூற்றுக்கு நூறு சரி. "மச்" என்பது மச் அட்மையர்ட், மச் லவ்ட், மச் டிஸ்கஸ்ட் மாதிரி சில சொற்களோடு, அதுவும் பெரும்பாலும் எழுத்தில், ஒட்டிக்கொண்டிருக்கிறது. விதியின் பாதியை மட்டும் பிய்த்துக் கட்டத்துக்குள் போட்டதுதான் கோளாறு.

சரி, இதற்கா இவ்வளவு நீளம் என்று கேட்பீர்கள். என் வருத்தம் வேறு. நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் வெரியா மச்சா என்பதே இல்லை. அதற்கு ஒரு படி முன்னால், ப்ரோநவுனில், அதாவது ஐ, மீ, மைசெல்ஃப் மாதிரிச் சொற்களில் விழுகிறார்கள். நீங்கள் விழாத இடத்தில் பாய் விரித்து வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடுகிறான். போன மாதம் ஒரு நிறுவனத்து நேர்காணலுக்குப் போய்விட்டு முகம் தொங்கிப்போய் வந்தான். திண்ணையில் உட்காரவைத்து, அங்கே என்ன சொன்னாயோ அதை அப்படியே என்னிடம் சொல் என்றேன். "மைசெல்ஃப்" என்று தொடங்கிப் பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்" என்றான். அதாவது, இந்த வேலையில் நான் மிகவும் சுவாரசியமான ஆள் என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறான். எதிரே இருந்தவர் சிரித்தாராம். இவன் தன்னைப் பிடித்துப்போய்ச் சிரிக்கிறார் என்று நினைத்து அதையே இன்னொரு தடவை சொல்லியிருக்கிறான்.

ஏண்டா இன்ட்ரஸ்டிங் என்றாய் என்று கேட்டேன். "எனக்கு இன்ட்ரஸ்டிங்கா இருக்கு சார், அதான்" என்றான்.

பாருங்கள், அவன் சொன்ன தமிழில் ஒரு பிழையும் இல்லை. "எனக்கு இன்ட்ரஸ்டிங்கா இருக்கு", "எனக்கு போரிங்கா இருக்கு", "எனக்கு கன்ஃப்யூசிங்கா இருக்கு" என்று நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். இன்ட்ரஸ்டிங்காக இருப்பது வேலை, போரிங்காக இருப்பது படம், அது எனக்கு அப்படி இருக்கிறது. எனக்கு என்ற நான்காம் வேற்றுமை, அந்தச் சின்ன "கு", எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு போகும்போது பையன் செய்வது ஒரே ஒரு வேலைதான்: "எனக்கு" என்பதை எடுத்துவிட்டு "ஐ" போடுகிறான். மற்றதெல்லாம் அதே இடத்தில் இருக்கிறது. இன்ட்ரஸ்டிங் ஏற்கெனவே ஆங்கிலம்தானே, அதை ஏன் மாற்ற வேண்டும்? "கு" விழுந்த நொடியில் சுவாரசியம் வேலையிலிருந்து கழன்று அவன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஐ ஆம் போரிங் என்பவன் எல்லாம் இப்படித்தான், படத்தைக் குறை சொல்லப் போய்த் தன்னையே அறுவை என்று ஒப்புக்கொள்கிறான்.

நம் மொழியில் உடம்புக்கும் மனசுக்கும் நேர்வதில் பாதி "எனக்கு" என்றுதான் வரும். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்குத் தலை வலிக்கிறது. நாமாகப் போய்ச் செய்கிற காரியம் இல்லை, நம்மிடம் வந்து சேர்கிற விஷயம். ஆங்கிலம் பெரும்பாலும் இதையெல்லாம் "ஐ" என்று எழுவாய் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பேசும். ஆளை எழுவாய் ஆக்கிவிட்டால், அவன் கொடுப்பவன் இல்லை வாங்கிக்கொண்டவன் என்று காட்ட வேறொரு அடையாளம் வேண்டுமே. அந்த அடையாளம்தான் பாஸ்ட் பார்டிசிபிள். ஐ ஆம் போர்ட், ஐ ஆம் டயர்ட், ஐ ஆம் ஸ்கேர்ட். நாம் "கு"வில் வைத்திருக்கும் சாமானை அவர்கள் வினையின் வாலில் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து எந்த வகுப்பிலும் இதை இப்படி நேராகச் சொல்லித் தருவதில்லை. கோ வென்ட் கான், ஈட் ஏட் ஈட்டன் என்று வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பிக்க வைக்கிறோம், பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக ஆக்டிவ் வாய்ஸை பாஸிவ் ஆக்கச் சொல்கிறோம், அந்தப் பாஸிவில் வருகிற வாலும் "ஐ ஆம் டயர்ட்" வாலும் ஒன்று என்று மட்டும் யாரும் காதில் போடுவதில்லை. நானும் முதல் பத்து வருஷம் போடவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஆங்கிலமும் ஒரு காலத்தில் "எனக்கு" என்று பேசிக்கொண்டிருந்த மொழிதான். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் "மீதிங்க்ஸ்" என்று வருகிறதே, அது "நான் நினைக்கிறேன்" அல்ல, பழைய ஆங்கிலத்தில் "எனக்குத் தோன்றுகிறது" என்பதன் மிச்சம். "லைக்" என்ற சொல்லே முதலில் "பிடிக்கும்" மாதிரித்தான் இருந்தது, பொருள் எழுவாய், ஆள் நான்காம் வேற்றுமை. எனக்குப் பிடிக்கும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். நூற்றாண்டுகள் போகப்போக வேற்றுமை உருபுகள் தேய்ந்துபோய், வாக்கியத்தின் முதலில் நிற்பவரெல்லாம் எழுவாய் என்றாகி, "மீ" எழுந்துபோய் "ஐ" உட்கார்ந்தது. கீழ்வீட்டுப் பையனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ அவங்களும் நம்மள மாதிரிதான் சார் இருந்தாங்க" என்றான். ஆமாம்பா, ஆனால் நேர்காணல் நடத்துபவரிடம் பழைய ஆங்கிலம் எடுபடாது என்றேன்.

நான் வகுப்பில் கடைசியாகப் பிடித்துக்கொண்ட வழி சுலபம்தான். கரும்பலகையில் இடது பக்கம் சினிமா கொட்டகை, வலது பக்கம் ஒரு பையன், நடுவில் அம்பு. அம்பு கிளம்புகிற இடத்துக்கு "இங்", போய்க் குத்துகிற இடத்துக்கு "எட்". படம் போரிங், பையன் போர்ட். அவ்வளவுதான். மறுநாள் ஒரு மாணவி "அவர் இங்கிலீஷ் சார் இஸ் வெரி போரிங், சோ வீ ஆர் வெரி போர்ட்" என்று எழுதிக் கொண்டு வந்து நீட்டினாள். இரண்டும் இலக்கணப்படி சரி, முழு மதிப்பெண் போட்டேன்.

இன்னொன்று, காது. எழுதும்போது "எட்" பளிச்சென்று தெரிகிறது. பேசும்போது டயர்ட், போர்ட் என்று நுனி நாக்கில் ஒட்டிக்கொண்டு ஓடிவிடுகிறது. முன்னால் ட மாதிரி ஒலி இருந்தால் மட்டும்தான் இன்ட்ரஸ்டெட், எக்ஸைட்டட் என்று தனி அசையாகக் கேட்கும். "இங்" என்பது மணி அடித்தது போல் கேட்கிறது. பிள்ளைகள் கேட்கிற வாலைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் வெரி, மச் விவகாரத்துக்குத் திரும்புகிறேன். மிகுதியைக் காட்டுகிற சொல்லைப் பற்றித் தமிழனுக்கு வெளியிலிருந்து பாடம் வேண்டியதில்லை. உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருள் தரும் என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்லிவிட்டது, நன்னூல் சால, கூர், கழி என்று மூன்றைச் சேர்த்து ஆறாக்கியது. நாம் இன்றைக்குச் சொல்கிற "ரொம்ப" கூட "நிரம்ப" தேய்ந்து வந்ததுதான். ஆங்கிலத்து "வெரி"யின் பூர்வீகமும் இப்படித்தான். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில், அதாவது 14-ஆம் நூற்றாண்டில், அதற்கு முதன்மையான பொருள் "உண்மையான". "மெய்யாலுமே சூப்பர்" என்கிற சென்னைப் பேச்சில் மெய்யாலுமே செய்கிற வேலையைத்தான் "வெரி"யும் செய்து செய்து, மெய் உதிர்ந்துபோய் மிகுதி மட்டும் நின்றது.

அதனால் பையனுக்கு விதி சொல்லாமல் தமிழ்க் காதை வைத்தே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். "ரொம்பக் களைப்பு", "ரொம்பக் குழப்பம்", "ரொம்ப வருத்தம்" என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால் இயல்பாக இருக்கிறதா? அப்படியானால் ஆங்கிலத்தில் தைரியமாக வெரி போடு. "ரொம்பக் கட்டப்பட்டது", "ரொம்பக் கொல்லப்பட்டான்" என்றால் சிரிப்பு வருகிறதா? அங்கே வெரியும் சிரிப்புதான். தமிழில் "பட்ட" ஒட்டாமல் சொல்லவே முடியாத இடமென்றால் அது இன்னும் வினை, வெரியை அண்டவிடாதே. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் கட்டத்தை விட நன்றாக வேலை செய்கிறது.

வெரி நுழையாத வீட்டுக்குள் வேறு யார் போவார்கள் என்பதும் தமிழனுக்குப் புதிதல்ல. மழையில் நனைந்தவனை ரொம்ப நனைந்தான் என்றும் சொல்லலாம், ஆனால் சொட்டச் சொட்ட நனைந்தான் என்றால்தான் நமக்கு ஈரம் தெரியும். விழித்திருந்தால் கொட்டக் கொட்ட, பொய் என்றால் பச்சை, இருட்டு என்றால் கும், முட்டாள் என்றால் அடி, காயம் என்றால் படு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துணை இருக்கிறது. ஆங்கிலத்திலும் இப்படி ஜோடி ஜோடியாகத்தான்: பேட்லி இஞ்சர்ட், டீப்லி ஹர்ட், ஹைலி ரெஸ்பெக்டட், ஃபுல்லி புக்ட், பிட்டர்லி டிஸப்பாயின்டட். பச்சைப் பொய் எதற்குப் பச்சை என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது? அது மாதிரிதான் இதுவும், காதில் விழ விழத்தான் வரும். "டூ" என்ற சொல்லைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் "ரொம்ப" மிகுதியையும் சொல்லும், அளவு மீறியதையும் சொல்லும், காபியில் ரொம்ப சர்க்கரை என்றால் முகத்தைப் பார்த்துத்தான் புகழ்ச்சியா புகாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்து "டூ" எப்போதுமே மீறலை நோக்கிச் சாயும். "ஐ ஆம் டூ எக்ஸைட்டட்" என்று ஆசையாகச் சொன்னால், அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று எதிராளி காத்திருப்பார்.

அப்புறம் அந்த "மைசெல்ஃப்". இதைக் கேலி செய்கிறவர்கள் நிறைய, காரணம் கேட்கிறவர்கள் குறைவு. "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று கேட்கிறார்கள், கேள்வியின் கடைசியில் யுவர்செல்ஃப், எனவே பதிலின் முதலில் மைசெல்ஃப். பிள்ளைகளின் கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன், மரியாதையாகத்தான் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்த "செல்ஃப்" இரண்டு வேலை பார்க்கிறது. ஐ ஹர்ட் மைசெல்ஃப் என்றால் என்னையே காயப்படுத்திக்கொண்டேன், ஐ டிட் இட் மைசெல்ஃப் என்றால் நானே செய்தேன். தமிழ் "தான்" கூட இப்படி இரட்டை வேலைக்காரன்தான்: தான் கெட்டான் என்பதில் பெயர்ச்சொல், அவன்தான் கெட்டான் என்பதில் அழுத்தம். இந்த ஒற்றுமையே ஆபத்தாகவும் முடிகிறது. நம் ஏகாரத்துக்கும் "தான்" என்பதற்கும் ஆங்கிலத்தில் ஆள் தேடி, இன்றைக்கே என்பதை "டுடே இட்செல்ஃப்" ஆக்கினோம், நான்தான் சொன்னேன் என்பதை "ஐ ஒன்லி டோல்ட்" ஆக்கினோம். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு அதில் பெரிய வெட்கமும் இல்லை. வெளிநாட்டுக்காரனிடம் பேசும்போது மட்டும், ஐ ஒன்லி டோல்ட் என்றால் "சொல்ல மட்டும்தான் செய்தேன், வேறொன்றும் செய்யவில்லை" என்று அவன் எடுத்துக்கொள்வான் என்பது தெரிந்திருந்தால் போதும். வெரி, பார்டிசிபிள், செல்ஃப் மூன்றும் சேர்ந்து வரும்போது "ஐ வாஸ் வெரி டிஸப்பாயின்டட் மைசெல்ஃப்" என்று செல்ஃப் கடைசியில் போய் உட்காருவதையும் பையனுக்குக் காட்டினேன். எனக்குமே ரொம்ப ஏமாற்றம்தான் என்று நாம் முதலிலேயே "உம்"மும் ஏகாரமும் போட்டு முடித்துவிடுவோம், அவர்கள் வாக்கியம் முடிந்த பிறகு ஞாபகம் வந்தது போல் சேர்ப்பார்கள்.

முடி வெட்டின கதை ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். நேற்று முடி வெட்டினேன் என்று நாம் சொன்னால் கத்தரிக்கோல் கடைக்காரர் கையில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். "ஐ கட் மை ஹேர்" என்றால் கண்ணாடி முன்னால் நின்று நானே வெட்டிக்கொண்டதாகத்தான் அங்கே படும். "ஐ காட் மை ஹேர் கட்" என்று அங்கேயும் ஒரு பார்டிசிபிளைக் கடைசியில் நிறுத்த வேண்டும். பைக் ரிப்பேர், சட்டை தையல், வீட்டுக்கு வெள்ளை எல்லாம் இதே கதை.

நம் சமையலறையில் இந்தப் பார்டிசிபிள் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அவித்த முட்டை, வறுத்த கடலை, சுட்ட அப்பளம், அரைத்த மாவு. முருகன் ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டதில் பழம் யாரையும் சுடவில்லை, ஆனாலும் சுடப்பட்ட பழம் என்று அவர் கேட்கவில்லை. நம் பெயரெச்சம் செய்தவனையும் சேர்த்துக்கொள்ளும், செய்யப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளும். படித்த பெண், படித்த புத்தகம், இரண்டுக்கும் ஒரே "படித்த". ஆங்கிலத்தில் இந்தத் தாராளம் கிடையாது, ஆனால் அவர்களுமே வாய்ச் சோம்பலில் வாலை விட்டுவிடுகிறார்கள். ஐஸ்க்ரீம் முன்பு "ஐஸ்ட் க்ரீம்", பாப்கார்ன் முன்பு "பாப்ட் கார்ன்". ஆகவே கடை வாசலில் "பாயில் எக்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானித்துச் சிரிக்கலாம்.

உங்கள் செய்திப் பக்கத்தைப் பற்றியும் ஒரு வரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். "மிகவும் நன்கு அறியப்பட்ட எழுத்தாளர்" என்று அதே ஞாயிறு இதழில் படித்தேன். "வெரி வெல் நோன்" வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நாடறிந்த எழுத்தாளர் என்று நமக்கு அழகாக ஒன்று இருக்கிறதே. ஆங்கிலப் பக்கத்தில் ஆங்கிலத்தைத் தமிழ் கெடுக்கிறது என்று பாடம் நடத்திக்கொண்டு, அடுத்த பக்கத்தில் தமிழை ஆங்கிலத்திடம் ஒப்படைத்தால் எப்படி?

கோரிக்கைக்கு வருகிறேன். அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போட வேண்டும், சின்ன எழுத்தில் ஓரத்தில் இல்லாமல் அதே அளவு கட்டத்தில். கீழ்வீட்டுப் பையன் உங்கள் ஆங்கிலப் பகுதியை வாராவாரம் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறவன். ஞாயிறு சாயங்காலம் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, "சார், அப்போ மச் இன்ட்ரஸ்டெட்னு சொல்லணுமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார்" என்கிறான். மைசெல்ஃபை விட்டுவிட்டான், இன்ட்ரஸ்டெட் மட்டும் பத்துக்கு மூன்று தடவை இன்னும் இன்ட்ரஸ்டிங் ஆகத்தான் வருகிறது, இதற்கு நடுவில் "மச்" வேறு வந்து உட்கார்ந்திருக்கிறது. வருகிற புதன்கிழமை அவனுக்கு இன்னொரு நேர்காணல். செவ்வாய் இதழுக்குள் போட்டுவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி